ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கச் செல்பவர்களுக்கு: சாப்பாட்டு விஷயம்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கவிருக்கும் சைவ உணவுக்காரர்கள், எதையெல்லாம் சாப்பிட மாட்டோம் என்பதைப் புறப்படும் முன்பே பெயர் பெயராக எழுதி அனுப்பிவிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் தாராளமாகத் தட்டுக்கு வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன் துண்டு வராது. ஆனால் மீன் சேர்ந்த சாறான தாஷி வரும்.

சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்லாக உலர்த்தி, மெல்லிய சீவல்களாகச் சீவியெடுப்பது கத்சுவோபுஷி. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக்கருவாட்டுக்கு இது நெருங்கிய உறவு. இதையும் கொம்பு என்னும் கடற்பாசியையும் சேர்த்து இறக்கும் சாறுதான் பெரும்பாலான வீடுகளில் தாஷி. மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும், ஊடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பிலும், பார்வைக்கு வெறும் காய்கறியாகத் தெரியும் பதார்த்தங்களிலும் அது கலந்திருக்கும். அதை ஏற்பதா மறுப்பதா என்று ஊரிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் மறுத்தேன். கொம்புவையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்த சாறு எனக்குப் போதும் என்று சொன்னதும், என் ஒகாசான், அதாவது அந்த வீட்டு அம்மா, சிரமமில்லாமல் அதற்கு மாறிவிட்டார். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலே அந்தச் சாற்றில்தான் நடக்கிறது. மசாலாக் குழம்பு ஊற்றிய ‘கறி’ சோறு என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம், கடையில் விற்கும் அந்த மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ உண்டு.

நாட்டோவைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். சிறு பெட்டியைத் திறந்து, உடன் வரும் சோயா சாற்றையும் கடுகு விழுதையும் விட்டுக் குச்சியால் கிண்டக் கிண்ட, நொதித்த சோயா நூல் நூலாக இழுபடும்; வாடையும் பலமாகத்தான் இருக்கும். (அந்தச் சோயா சாற்றிலும் பெரும்பாலும் மீன் சாரம் இருக்கும் என்பதால் வெறும் சோயா சாஸ் கேளுங்கள்.) பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், ஜப்பானியர்களிலேயே அதைத் தொடாதவர்கள் உண்டு.

நமக்கு உண்மையில் கடினமானது வெறும் சோறு. குழம்போ ரசமோ ஊற்றிப் பிசையாமல், ஒட்டிக்கொள்ளும் சோற்றைத் தனியாக வாயிலிட்டு, இடையிடையே சூப்பை உறிஞ்சிச் சாப்பிடப் பழகுவதற்கு நாக்கைவிட மனதுக்குத்தான் நாளாகும். உப்பும் புளிப்புமான உமேபோஷி என்னும் ஊறுகாய்ப் பழம் அப்போது கைகொடுக்கும். கத்சுவோ கலந்த வகையும் விற்கிறார்கள் என்பதால் பார்த்து வாங்குங்கள். பருப்புப்பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்துத் தாவரச் சோதனையில் சிக்கும்.

சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் ஈமச் சடங்கை நினைவூட்டும் செயல்கள் என்பதால் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பரிமாறிய பிறகு மறுப்பது சமைத்தவரைச் சங்கடப்படுத்தும். பள்ளிக்குப் பெந்தோ, அதாவது மதியச் சாப்பாட்டுப் பெட்டி, கட்டித் தருகிற வீடாக இருந்தால் அவர்கள் விடியற்காலையிலேயே அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஆகையால் மறுநாளுக்கு வேண்டாததை முந்தைய இரவு பாத்திரம் துலக்க உதவும்போதே சொல்லிவிடுங்கள்.