பழைய கணினிகளில் பில்டு: கான்ஃபிகர் ஆப்ஷன்களை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வையுங்கள்

சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, மென்பொருள் கட்டுகிறவர்களில் (பில்டு செய்கிறவர்களில்) பலர் கான்ஃபிகர் ஆப்ஷன்களை டெர்மினலில் நேராகத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கான்ஃபிகர் என்பது சோர்ஸோடு வரும் ஸ்கிரிப்ட்; எதைச் சேர்ப்பது, எங்கே நிறுவுவது என்று அதற்குச் சொல்வதுதான் ஆப்ஷன். அடுத்த பதிப்பு வரும்போது எதைப் போட்டோம், எதை விட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்து டியூஷன் சென்டரில் இது இன்னும் சிக்கல். அங்கே இருப்பவை அலுவலகங்கள் கழித்துக் கட்டிய கணினிப் பெட்டிகள்; நினைவகம் ஒன்றில் 2 ஜிபி, இன்னொன்றில் 4 ஜிபி, ப்ராசஸரும் ஆளுக்கொரு தலைமுறை. ஆப்ஷன்கள் ஒரு கோப்பில் இருந்தால்தான் எல்லாப் பெட்டியிலும் ஒரே பில்டு கிடைக்கும்.

ஸ்கிரிப்டின் உருவம் இதுதான். உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள் (சிஃப்ளாக்ஸும் ஓ2-இன் ஓவும் பெரிய எழுத்தில்):

#!/பின்/எஸ்எச்
செட் -இ
செட் -- "--ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/டூல்"
செட் -- "$@" --டிஸேபிள்-ஸ்டாட்டிக்
செட் -- "$@" --வித்-ரீட்லைன்
செட் -- "$@" "சிஃப்ளாக்ஸ்=-ஓ2 -ஜி"
../சோர்ஸ்/கான்ஃபிகர் "$@"

ப்ரிஃபிக்ஸ் என்பது நிறுவும் இடம். ரீட்லைன் என்பது தட்டும் வரியைத் திருத்த உதவும் லைப்ரரி. சிஃப்ளாக்ஸ் என்பது கம்பைலருக்குப் போகும் ஆப்ஷன்கள். "$@" என்பது அதுவரை சேர்த்த ஆப்ஷன்கள் மொத்தமும்.

ஏன் இப்படி வரிக்கு ஒன்றாக? எல்லா ஆப்ஷனையும் பின்சாய்கோடு போட்டு ஒரே கட்டளையாக நீட்டினால், சாய்கோட்டுக்குப் பிறகு ஒரே ஒரு இடைவெளி விழுந்தாலும் கட்டளை அங்கேயே முறிந்துவிடும். நடுவில் ஒரு வரியை # போட்டு அணைக்கவும் முடியாது. ஒரே மாறியில் அடைத்து மேற்கோள் இல்லாமல் விட்டால், சிஃப்ளாக்ஸ் மதிப்பில் இருக்கும் இடைவெளி அதை இரண்டாக உடைத்துவிடும். பாஷ் என்ற ஷெல்லில் இருக்கும் அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) நல்ல வழிதான். ஆனால் டெபியன், உபுண்டுவில் எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறு ஷெல், அதற்கு அர்ரே தெரியாது. மேலே உள்ள முறை எஸ்எச் வகை ஷெல் எதிலும் ஓடும். ஒவ்வொரு வரிக்கு மேலும் காரணத்தைக் கமெண்டாக எழுதிவையுங்கள்.

சோர்ஸ் கோப்புறைக்குள்ளேயே பில்டு செய்யாதீர்கள். பக்கத்தில் பில்டு என்று ஒரு கோப்புறை திறந்து அங்கிருந்து ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். குழம்பினால் அந்தக் கோப்புறையை அழித்தால் போதும்.

இனி முக்கியமான சங்கதி. பெரும்பாலான கான்ஃபிகர்கள், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், லைப்ரரி இருக்கிறதா என்று தாமே தேடிப் பார்த்து, இருந்தால் சேர்க்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் ஒரு பெட்டியில் ரீட்லைன் வேலை செய்யும், அடுத்ததில் அம்புக்குறி விசையைத் தட்டினால் குப்பை எழுத்து வரும். வேண்டியதற்கு 'வித்', வேண்டாததற்கு 'விதவுட்' என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டும். பல மொழி ஆதரவை (என்எல்எஸ்) அணைக்கும் 'டிஸேபிள்-என்எல்எஸ்' போட்டால் பில்டு கொஞ்சம் சுருங்கும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். மொழிபெயர்ப்புகள் மொத்தமும் அதோடு போய்விடும், தமிழ் இருந்தால் அதுவும்தான். நான் போடச் சொல்ல மாட்டேன்.

ஆப்ஷன் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கான்ஃபிகர் நிற்காது. 'அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று எச்சரித்துவிட்டு மேலே போகும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அதை யார் பார்ப்பது? '--இனேபிள்-ஆப்ஷன்-செக்கிங்=ஃபேட்டல்' என்பதையும் ஸ்கிரிப்டில் சேர்த்தால், எச்சரிக்கை பிழையாக மாறி உடனே நிற்கும்.

நின்றுவிட்டால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள். கடைசி வரிகளைப் பார்த்துப் பயனில்லை, அங்கே இருப்பது மாறிகளின் பட்டியல். 'கேஷ் வேரியபிள்ஸ்' என்ற தலைப்பைத் தேடி, அதிலிருந்து மேலே ஏறுங்கள். தோற்றுப்போன சோதனை நிரலும், கம்பைலர் சொன்ன உண்மையான பிழையும் அங்கே இருக்கும். பாதி நேரம் ஹெடர் கோப்பு இல்லை என்றுதான் சொல்லும்: லைப்ரரி இருக்கும், அதன் '-டெவ்' பேக்கேஜ் இருக்காது.

கட்டும் பெட்டியின் ப்ராசஸருக்கென்றே நிரலை உண்டாக்கச் சொல்லும் '-மார்ச்=நேட்டிவ்' வேண்டவே வேண்டாம். புதிய ப்ராசஸரில் கட்டியதைப் பழைய பெட்டிக்குக் கொண்டுபோனால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழும். '-ஓ2' போதும்.

கான்ஃபிகர் முடிந்தபின் உண்மையில் கட்டும் கட்டளையான மேக்கை ஓட்டும்போது நினைவகத்தையும் பாருங்கள். நான்கு கோர் இருக்கிறதே என்று 2 ஜிபி பெட்டியில் '-ஜே4' (ஒரே நேரத்தில் நான்கு வேலை) கொடுத்தால், சி++ கோப்புகளில் நினைவகம் தீர்ந்து கெர்னல் கம்பைலரையே கொன்றுவிடும். திரையில் 'கில்டு' என்று மட்டும் வரும்; கோடில் பிழை என்று நினைத்துத் தேடுவீர்கள். சி++ என்றால் காலியாக இருக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு வேலை. வெறும் சி என்றால் இவ்வளவு கவலை வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் மாலையில் இடி இடித்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது வழக்கம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரி செத்திருந்தால், மறுபடி ஆன் செய்யும்போது கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். அப்போது கான்ஃபிகர், புதிதாக உண்டாக்கிய கோப்பு சோர்ஸ் கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். தேதியைச் சரிசெய்து, பில்டு கோப்புறையை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்த 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

பென்டிரைவ் விஷயத்திலும் கவனம். சோர்ஸை அதிலேயே விரித்துக் கட்டக் கூடாது; பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 கோப்பு முறையில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) இல்லை, எக்ஸிக்யூட் அனுமதியையும் கோப்புக்குக் கோப்பு வைக்க முடியாது. தார் கோப்பாகவே (எல்லாவற்றையும் மூட்டை கட்டிய ஒரே கோப்பு) கொண்டுவந்து ஹார்டுடிஸ்க்கில் விரியுங்கள், கோப்புறைப் பெயரில் இடைவெளி இல்லாமல். ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் திருத்தியிருந்தால் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' வரலாம், வரிமுடிவில் ஒட்டியிருக்கும் கேரேஜ் ரிட்டர்ன்தான் காரணம். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் போய்விடும்.

ஒவ்வொரு பெட்டியிலும் கட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் ஒரே உபுண்டு பதிப்பு இருந்தால் ஒன்றில் கட்டி, 'மேக் இன்ஸ்டால் டெஸ்ட்டிர்=/டிஎம்பி/மூட்டை' கொடுத்து, கோப்புகள் வந்து விழும் அந்தக் கோப்புறையைத் தார் செய்து மற்றவற்றில் ரூட்டிலிருந்து (/) விரிக்கலாம். ப்ரிஃபிக்ஸை மாற்றாதீர்கள், பல நிரல்களில் அந்தப் பாதை உள்ளேயே பதிந்திருக்கும்.

ஏற்கெனவே யாரோ கட்டிவிட்டு ஸ்கிரிப்ட் வைக்காமல் போன பெட்டி என்றால், பில்டு கோப்புறை இருக்கிறதா பாருங்கள். கான்ஃபிக்.லாக்கின் ஆரம்பத்தில் டாலர் குறியோடு கான்ஃபிகர் கட்டளை முழுதாக இருக்கும். கான்ஃபிக்.ஸ்டேட்டஸை '--கான்ஃபிக்' போட்டு ஓட்டினாலும் அதே ஆப்ஷன்களைக் கொடுக்கும். வரிக்கு ஒன்றாகப் பிரித்து மேலே உள்ள ஸ்கிரிப்டில் போட்டுக்கொள்ளுங்கள்.