பொத்தானை அழுத்துவதற்கு முன்

நாம் படித்த பள்ளியின் மரவேலைக் கூடத்தில் உளியைக் கையில் வாங்க ஒரு நிபந்தனை இருந்தது. எங்கே வெட்டப் போகிறாய், எவ்வளவு ஆழம், மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றையும் நாங்கள் ‘சேர்’ என்று அழைத்த மரவேலை ஆசிரியரிடம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னது சரியாக இருந்தால்தான் உளி கைக்கு வரும். அந்த வயதில் அது எங்களுக்குப் பெரிய தொல்லையாகத் தெரிந்தது. இன்று நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மேசைமேல் வைக்கும் சிறிய சிஎன்சி ரவுட்டரை, அதாவது கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரத்தை, கொண்டு மரத்தில் எழுத்துச் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். சேரின் நிபந்தனையை என் வகுப்பில் அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்த இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகமாகச் சுழலும் ஒரு வெட்டும் முனையை மூன்று மோட்டார்கள் இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்த்துகின்றன. பொதுவாக இந்த மோட்டார்கள் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழல்பவை. எங்கே போக வேண்டும், என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் ஜி கோட் என்ற கட்டளை வரிகளில் இருக்கும். ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து நகர்வது, ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிப் போவது. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கிய, உலோகம் வெட்டும் இயந்திரத்தைக் காட்டினார்கள். இன்று பிள்ளைகள் மேசையில் ஓடுவது அதன் வழிவந்ததுதான்.

திரையில் படம் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் இயந்திரத்துக்குக் கண் கிடையாது. மரம் எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். மரத்தின் மேல் ஒரு தாளை வைத்து, முனையை மெல்ல மெல்ல இறக்கி, தாள் இழுபடத் தொடங்கும் இடத்தை ஆழம் அளக்கத் தொடங்கும் பூச்சியமாக வைப்போம். பலகை சற்று வளைந்திருந்தால் அந்தப் பூச்சியம் ஒரு மூலைக்கு மட்டுமே சரியாக இருக்கும். வி வடிவ முனையில் இது உடனே தெரியும். 60 பாகை முனை 1 மி.மீ. இறங்கினால் கோட்டின் அகலம் ஏறக்குறைய 1.15 மி.மீ.; 2 மி.மீ. இறங்கினால் 2.3 மி.மீ. ஆகவே வளைந்த பலகையில் ஒரு பெயரின் முதல் எழுத்து தடித்தும் கடைசி எழுத்து கீறல் போலவும் வரும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பலகையைப் பார்க்க சேர் பழக்கியது இதற்குத்தான் போலும் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ் எழுத்துச் செதுக்குவது தனிப் பாடம். சில செதுக்கல் மென்பொருள்கள் எழுத்துகளைக் கணினியில் சேமித்த வரிசையிலேயே போட்டுவிடும். அப்போது ‘தே’யின் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழை ஒழுங்காகக் காட்டும் இங்க்ஸ்கேப் போன்ற ஒரு வரைபட மென்பொருளில் பெயரை எழுதி, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் சுழிகள் இருக்கின்றன. ண, ஞ போன்றவற்றின் சுழிக்குள் நிற்கும் சிறு மரத்துண்டு, இழை குறுக்கே ஓடும் இடத்தில் பட்டென்று பெயர்ந்துவிடும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அல்லது நெருக்கமான இழையுள்ள கடினமான மரத்துக்கு மாற வேண்டும். புள்ளியும் அப்படித்தான். சிறிய எழுத்தில் அது மரத்தின் கோடுகளுக்குள் மறைந்துபோகும். எந்த எழுத்து எந்த மரத்தில் நிற்கும் என்று பிள்ளைகள் பேசத் தொடங்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள்.

வேகக் கணக்கையும் அவர்களே போடுவார்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு வெட்டு விளிம்பு, நிமிடத்துக்கு 1,000 மி.மீ. நகர்வு என்றால் ஒவ்வொரு விளிம்பும் 0.05 மி.மீ. மரத்தைக் கடிக்கிறது. பயந்து நகர்வை மிகவும் குறைத்தால் சீவல் வராது, தூள்தான் வரும். முனை ஒரே இடத்தில் உரசிச் சூடாகி மரம் கருகும். கூட்டினால் இயந்திரம் அதிர்ந்து கோடு நடுங்கும். சீவுளியின் சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கியதைச் சேர் கண்டுபிடிப்பார். என் மாணவர்களும் இப்போது காதால் கண்டுபிடிக்கிறார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே இல்லை. கண்ணாடி போட வேண்டும், முடியைக் கட்ட வேண்டும், சுழலும் முனைக்குப் பக்கத்தில் கையுறை கூடாது, தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மரத்தூசியைச் சும்மா தூசி என்று நினைக்கக் கூடாது. அது புற்றுநோய் தரக்கூடியது என்று உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

ஒரு பிள்ளை தன் அம்மம்மாவுக்குப் பெட்டி செய்து, மூடியில் ‘அம்மம்மா’ என்று செதுக்க விரும்பினாள். வழக்கம்போலச் சொல்லச் சொன்னேன். “முனை இங்கே இறங்கும், அகரத்தின் சுழியை முடிக்கும், மேலே எழும், இப்படிக் குறுக்கே போகும்...” என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். விரல் போகும் வழியில் மரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கவ்வி இருந்தது. ஒன்றும் பேசாமல் கவ்வியைக் கழற்றி ஓரத்தில் மாட்டினாள். பிறகு முனையை மரத்துக்கு மேலே தூக்கிவைத்து ஒருமுறை வெறுமனே ஓட விட்டுப் பார்த்தாள். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேர் ஏன் எங்களை வாயால் சொல்ல வைத்தார் என்று அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. சொல்லும்போது மனம் கருவிக்கு முன்னால் நடக்கிறது.

நம் பள்ளிக்கு இப்படி ஒரு இயந்திரம் வாங்கிக்கொடுக்கலாம் என்று பழைய மாணவர் சங்கத்தில் யாராவது முன்மொழிந்தால் நான் மகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்வேன். ஆனால் இயந்திரத்தோடு, பழகிப் பார்க்கக் கழிவுப் பலகைகள், உடைந்தால் மாற்ற முனைகள், நல்ல தூசி உறிஞ்சி, ஆசிரியர் ஒருவருக்கு நிதானமான பயிற்சி ஆகியவையும் சேர்ந்து போக வேண்டும். இவை இல்லாமல் அனுப்பினால் அது உறை போட்டு மூடப்பட்டு மூலையில் கிடக்கும். உளிகளையும் அந்தக் கூடத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். இழையைக் கையால் உணர்ந்த பிள்ளை இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளை வேறு மாதிரி இருக்கிறது. அதை நான் என் வகுப்பில் பார்க்கிறேன்.