தூர தேசத்தில் பத்து நாள்

மே 6, 2024, திங்கள், பாளையங்கோட்டை

இன்றைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னையில் ஒரு பகல், அங்கிருந்து கோரக்பூருக்கு ரயிலில் இரண்டு ராத்திரி, அப்புறம் எல்லை. எங்கள் சபையிலிருந்து பதினோரு பேர் நேபாளத்துக்கு ஊழியத்துக்குப் போகிறோம். அதில் ஏழு பேர் கல்லூரிப் பிள்ளைகள். ஸ்கூல் டீச்சர் என்பதால் கணக்கு நோட்டு என் தலையில் விழுந்தது.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும். போன மாதம் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்ட மை எல்லார் நகத்திலும் இன்னும் இருக்கிறது. பணம்தான் பாடாய்ப் படுத்தியது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு அங்கே செல்லாது என்று சொன்னதால், இருந்த ஐந்நூறுகளை எல்லாம் நூறாக மாற்றி, கல்யாண மொய்ப்பணம் மாதிரி துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று ஆராதனை முடிந்து வாசலில் வாலிபர் ஐக்கியத்துக்காக முறுக்கு விற்றோம். ஒரு தாத்தா இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, "1903-லேயே மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புன ஊரும்மா இது" என்றார். ஆமாம், தாத்தா. ஆனால் போனவர்கள் தெலுங்கு படித்து அங்கேயே வருஷக்கணக்கில் கிடந்தார்கள். நாங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிட்டோம்.

மே 9, வியாழன், கோரக்பூர்

வெயில் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி. இங்கே வாக்குப்பதிவு ஜூன் 1-ஆம் தேதிதானாம். தெருவெல்லாம் மைக் வைத்த ஜீப்புகள். வேறு சொல்ல ஒன்றுமில்லை. தூங்க வேண்டும்.

மே 10, வெள்ளி, சோனாலி, பொக்கரா

எல்லைக்குப் போகிற வழியில் நௌதன்வா என்று ஒரு சின்ன ஊர். பஸ் நின்றபோது டீம் லீடர் அண்ணன் எழுந்து இந்த ஊரின் கதையைச் சொன்னார். லில்லி ஓஹான்லன் என்ற டாக்டரும் ஹில்டா ஸ்டீல் என்ற அவருடைய தோழியும் நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லாமல் இங்கேதான் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்களாம். ராணாக்கள் ஆட்சி 1951-இல் முடிந்த பிறகுதான் கதவு திறந்தது. 1952 நவம்பரில் நேபாளி விசுவாசிகள் சிலரோடு சேர்ந்து பொக்கராவுக்கு நடந்தே போனார்கள். அதே மலைவழியில் நாங்கள் வாடகை வேனில் போனோம். கிடார் தம்பி நான்கு தடவை வாந்தி எடுத்தான்.

எல்லையில் இருக்கும் நுழைவு வளைவைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம். பைரவா ஊரில் எங்களை அழைத்துப்போகும் பாஸ்டர் காத்திருந்தார். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், போகப்போகிற கிராமத்தின் பெயரும் வேண்டாமாம். ஸ்யாங்ஜா மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேனில் ஏறியதும் ஜெபம் பண்ணுவார் என்று கண்ணை மூடினோம். அவர் சட்டத்தைச் சொன்னார். 2018 ஆகஸ்ட் முதல் அமலில் இருக்கும் தண்டனைச் சட்டம், 158-ஆம் பிரிவு. மதம் மாற்றினாலோ மாற்ற முயன்றாலோ 5 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுக்காரர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளில் வெளியேற்றம். தெருவில் பாட்டு வேண்டாம், நாடகம் வேண்டாம், கைப்பிரதி வேண்டவே வேண்டாம். சபைக் கோயிலுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

வேனில் சத்தமே இல்லை. பிறகு கீபோர்டு தம்பி மெதுவாகப் பையைத் திறந்தான். இந்தியில் அச்சடித்த முந்நூறு கைப்பிரதி! யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்திருக்கிறான். பாஸ்டர் கோபப்படவில்லை. "நீங்கள் பத்து நாளில் போய்விடுவீர்கள். போலீஸ் என் வீட்டுக்குத்தான் வரும்" என்று இந்தியில் சொன்னார். நர்ஸ் அக்கா மொழிபெயர்த்தார். அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

தான்சேன் ஊரைக் கடக்கும்போது பாஸ்டர் கையைக் காட்டினார். 1960-இல் ஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காக ஆட்களைச் சிறையில் போட்ட இடம். பெற்றவர்களுக்கு ஒரு வருஷம். கொடுத்த போதகர் டேவிட் முகியாவுக்கு ஆறு வருஷத் தீர்ப்பு.

மே 11, சனி, பொக்கரா

இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். சனிதான் விடுமுறை, ஆராதனையும் சனிக்கிழமைதான். ராம்காட் சபைக்குப் போனோம். முகியாவும் கூட வந்தவர்களும் தொடங்கிய சபை. செருப்பை வெளியே விட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் கிராமத்துக் கோயில் மாதிரியே இருந்தது. தபேலாவுக்குப் பதில் மாதல். 'ஜெய் மசீ' என்று கும்பிடுகிறார்கள், பதிலுக்கு 'ஸ்தோத்திரம்' என்று வாய் தானாக வந்துவிடுகிறது.

லில்லியும் ஹில்டாவும் இங்கே நடத்திய ஆஸ்பத்திரியின் குடிசைகள் அலுமினியத் தகட்டால் செய்தவை. வெயிலில் தூரத்திலிருந்தே மின்னுமாம். ஜனங்களே அதற்கு 'மின்னும் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சுவரில் தொங்கிய காலண்டரில் 2081, வைசாகம் 29. நம் சித்திரை 28. மாதம் ஒன்றேதான், ஒரு நாள்தான் முன்னே பின்னே. வருஷம் மட்டும் நம்மைவிட 57 கூட.

பொக்கரா வந்துவிட்டு மச்சாபுச்ரே மலையைப் பார்த்தீர்களா என்று எல்லாரும் கேட்பார்கள். பார்த்தோம், டீக்கடைச் சுவர்ப் படத்தில். வெளியே முழுக்கப் புகைமூட்டம்.

மே 13, திங்கள், மலைக்கிராமம்

ஜீப் ரோடு முடிந்து இருபத்தைந்து நிமிட ஏற்றம். பலகைக்கல் வேய்ந்த வீடுகள். படிப்படியாக வயல், முழங்கால் உயர மக்காச்சோளம். கோயிலுக்குப் பின்னால் மண்சரிவு. மழைக்காலத்துக்கு முன்பு தடுப்புச்சுவர் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

சிமென்ட் கிடையாது. கம்பிவலையில் பெரிய பெட்டி செய்து, உள்ளே கல்லை அடுக்கி, வாயைக் கட்டிவிடுவது. பார்த்தால் ஐந்து நிமிட வேலை மாதிரி தெரிந்தது. பையன்கள் கல்லை அள்ளிப் போட ஆரம்பித்ததும் கொத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டையான முகம் வெளிப்பக்கம் வர வேண்டும், இடுக்கில் சின்னக் கல்லை அடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் வலை வயிறு தள்ளிவிடும். இதை அவர் சொன்னது எந்த மொழியில் என்கிறீர்கள்? தமிழில்!

"தம்பி, அப்படி போட்டா ஒடஞ்சிரும் லா."

மலேசியாவில், கிள்ளானில் கையுறை ஃபேக்டரியில் ஆறு வருஷம் இருந்தாராம். லைன் லீடர் தமிழர். எங்கள் பதினோரு பேருக்கும் உயிர் வந்தது.

அடுக்கும் வேலையை அவர் எங்களிடம் தரவே இல்லை. கல் சுமக்கச் சொன்னார். டோகோ என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி, கழுத்தால் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். நான் நான்கு நடை போனேன். அறுபது வயது அம்மா ஒருவர் என் பாரத்தைப்போல இரண்டு மடங்கைச் சுமந்துகொண்டு, பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். சுவர் கட்டுகிற மாதிரி போட்டோ வேண்டும் என்று அண்ணன் கேட்டார். கொத்தனார் பெருந்தன்மையாக ஒரு கல்லைக் கொடுத்தார். போட்டோ எடுத்து முடிந்ததும் வாங்கிக்கொண்டார்.

இந்த மொழியில் அம்மாவை 'ஆமா' என்கிறார்கள், அண்ணனை 'தாய்' என்கிறார்கள். பிள்ளைகள் வாசலில் "ஆமா! ஆமா!" என்று கத்தும்போது, எதற்கு இவ்வளவு சம்மதிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மே 15, புதன்

அண்ணன் நேற்று ராத்திரி கிணற்றடியில் இயேசு பேசிய சமாரியப் பெண்ணைப் பற்றிச் செய்தி கொடுத்தார். ஜீவத்தண்ணீர், இனி தாகமே எடுக்காது. விடிவதற்குள் அவர் உட்பட நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. நர்ஸ் அக்கா ஊர்க்கடைக்கு ஓடி உப்புச்சர்க்கரைப் பொடி பாக்கெட் வாங்கிவந்தார். அட்டையில் அதன் பெயர்: 'ஜீவன் ஜல்'.

படுத்த இடத்திலேயே அண்ணன் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். ஆனால் எங்கள் நான்கு பேருக்கும் கஞ்சி வைத்து, கக்கூஸுக்குத் தண்ணீர் சுமந்ததெல்லாம் அந்த ஆமாக்கள்தான். அவர்களுக்கு வயல் வேலை கிடக்கிறது. இன்றைக்கு இங்கே ஊழியம் செய்தது யார் என்று கணக்கு நோட்டில் எழுத இடமில்லை.

மே 16, வியாழன்

மத்தியானம் ஆலங்கட்டி மழை. தகரக் கூரைக்கடியில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. நின்றதும் பிள்ளைகள் ஐஸைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் மக்காச்சோளத்தைப் பார்க்கப் போனார்கள். இலையெல்லாம் கிழிந்து நாராகத் தொங்கியது.

கூரைக்கடியில் கொத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலேசியாவுக்குப் போகப் பட்ட கடனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், "ஒங்களுக்கு டிக்கெட் எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் போனவருக்கு முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான். பதினோரு பேருக்கும் சேர்த்து, வேன், சாப்பாடு எல்லாமாக ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குப் பக்கம் என்றேன். இந்திய ரூபாயா என்றார். நூறுக்கு நூற்று அறுபது என்று விரலால் மனக்கணக்குப் போட்டார். பிறகு கம்பிவலையின் விலையைச் சொன்னார், தன் தினக்கூலியையும் சொன்னார். குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. விலை விசாரிக்கிற மாதிரிதான். அந்தப் பணத்தில் சுவர் முழுசும் முடிந்து, கோயிலுக்குக் கக்கூஸும் வந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். "நாம வரலேன்னா அந்தப் பணத்த யாரும் கொடுத்திருக்க மாட்டாங்களே, சிஸ்டர்" என்றார். அதுவும் உண்மைதான். பிள்ளைகள் போகிறார்கள் என்றால் கை நீளும், கம்பிவலைக்கு யார் முறுக்கு வாங்குவார்கள்? அப்படியும் மனசு சமாதானமாகவில்லை.

மே 18, சனி

எழுத நிறைய இருக்கிறது, விளக்கு வெளிச்சம்தான் இல்லை.

ஆராதனைக்குப் பிறகு நாடகம். கெட்ட குமாரன், சொத்தில் பங்கு வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் மகனைப் பற்றி இயேசு சொன்ன கதை. ஊரில் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தது. அண்ணன் பஞ்சுத் தாடியோடு தகப்பன். கிடார் தம்பி இளையகுமாரன், தூர தேசத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டு விளையாடுவான். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் காகித முகமூடியில் பன்றி. கொத்தனார் ஒவ்வொரு வசனத்தையும் நேபாளியில் சொன்னார்.

எங்கள் சபையில் இது எங்கே எடுபடும் என்று எங்களுக்குத் தெரியும். பன்றி மேய்க்கும் இடத்தில் எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் இடத்தில் அழுவார்கள்.

இங்கே பல வீட்டில் பன்றி வளர்க்கிறார்கள். பன்றி வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதை மேய்ப்பதில் என்ன கேவலம் என்று யாருக்கும் புரியவில்லை.

அழுகை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆரம்பத்திலேயே. "தகப்பனே, ஆஸ்தியில் எனக்கு வரும் பங்கைத் தாரும்" என்று மகன் கேட்க, தகப்பன் பணப்பையைக் கொடுக்க, மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் ஒவ்வொருவராக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடார் தம்பி பயந்துபோய் நின்றுவிட்டான்.

கத்தாரில் ஒருவன், துபாயில் ஒருவன், மலேசியாவில் ஒருவன். இந்த ஊரில் வாலிபர்களே இல்லை என்பதை ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கல் சுமக்க அறுபது வயது அம்மா ஏன் வருகிறார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இங்கே மகன் பங்கைக் கேட்டுச் சண்டை போட்டுப் போகவில்லை. தகப்பனே வயலை அடகு வைத்துக் கையில் கொடுத்து, நெற்றியைத் தொட்டு ஜெபம் பண்ணி அனுப்புகிறான்.

முடிந்ததும் அந்த அம்மா, என்னைத் தாண்டிப் போனவர், கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மகன் சீட்டாடுகிறவன் இல்லை, பணம் அனுப்புகிறவன் என்று முதலில் சொன்னார். கோபமாகத்தான். அப்புறம் கேட்டார்: அந்த வீட்டில் அம்மா இல்லையா? மகன் போகும்போது அவள் எங்கே இருந்தாள்?

லூக்கா சுவிசேஷத்தில் இல்லை என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நான் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

போகும்போது ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்து அழுத்தினார். மலேசிய நம்பர். நான்கு மாதமாக மகன் எடுப்பதில்லை, உங்கள் ஜனங்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களாமே என்றார்.

மே 19, ஞாயிறு, பைரவா

பிரிகிற வேளையில் சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள், அழுதார்கள். சுவர் முக்கால்வாசி முடிந்திருக்கிறது. மீதியைக் கொத்தனார் முடிப்பார். துணிப்பையில் மிச்சமிருந்த நூறு ரூபாய் நோட்டுகளை, வழிச்செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, பாஸ்டரிடம் கொடுத்துவிட்டோம். நாற்பத்திரண்டு நோட்டு. கம்பிவலைக்கு.

மே 21, செவ்வாய், ரயிலில்

நாக்பூர் தாண்டிவிட்டது. கீபோர்டு தம்பியின் பை என் தலைமாட்டில் இருக்கிறது. முந்நூறு கைப்பிரதியும் அடுப்படிப் புகை வாசனையோடு திரும்பி வருகிறது.

வரும் ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கிடார் தம்பி எழுதி வைத்திருக்கிறான், "நாடகத்தைக் கண்டு அநேகர் கண்ணீர் விட்டார்கள்" என்று. பொய் இல்லை. ஏன் அழுதார்கள் என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன். ஐந்து நிமிடத்திலா அக்கா என்றான்.

கிள்ளானில் என் அத்தான் இருக்கிறார். அந்த நம்பரை நேற்று அவருக்கு அனுப்பினேன். இப்போதுதான் பதில் வந்தது: "அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுக்கிறார்கள், வங்காளதேசத்துப் பையன். சிம் கைமாறிவிட்டது போல. மகன் வேலை பார்த்த கம்பெனி பெயர், ஹாஸ்டல் இருக்கிற இடம் ஏதாவது கேட்டுச் சொல்."

கொத்தனார் 'தாய்'க்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறேன். தமிழில்தான்.