பங்காளி 'பார்ட்னர்' ஆனதில் போன பத்து நாள்

அமெரிக்காவில் நம்ம பையன் மேல் நாடு கடத்தும் வழக்கு என்றால், தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டம் படிக்க வேண்டியதில்லைங்க. சட்டம் அங்கே இருக்கிற வக்கீல் பாடு. நம்ம பாடு காகிதம். எங்க வீட்டுப் பையன் வழக்கில் சட்டத்தால் ஒரு நாளும் வீணாகவில்லை. பேர், உறவுமுறை, எந்தக் காகிதம் எந்த ஆபீசுக்கு என்ற மூன்றில்தான் நாள் போனது.

முதல் அடி பேரில். காவலில் இருப்பவரைத் தேட, குடியேற்ற வழக்கில் ஆளைப் பிடித்து வைக்கிற 'ஐஸ்' (ICE) துறைக்கு ஒரு இணையத் தேடல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடித்தால் ஆளே இல்லை என்கிறது. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு வாங்கின பாஸ்போர்ட் நம்ம பக்கம் எத்தனையோ. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் பேர் சர்நேம் இடத்துக்கு நகர்ந்துவிடும். முதல் பேர் இடத்தில் 'எப்.என்.யூ' என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பேர் தெரியாது என்று அர்த்தமாம். தேடும்போதும் அதையே முதல் பேராக அடிக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஏ-நம்பர், அதாவது குடியேற்றக் கோப்பில் அவனுக்குக் கொடுத்த எண், கையில் இருந்தால் இந்த வம்பே இல்லை: ஒன்பது இலக்கம், எட்டுதான் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம், கூடவே பிறந்த நாடு. காவல் முகாமில் இருக்கிறவனுக்கு நாம் போன் போட முடியாது, அவன் கூப்பிட்டால்தான் உண்டு. முதல் போனில் "சாப்டயா சாமி" என்று கேட்பதற்கு முன்னால் அந்த நம்பரை எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்தது ஆபீஸ். வழக்குப் போடுவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ஐஸ் அதன் கை. விசாரிக்கிற நீதிபதியோ குடியேற்றக் கோர்ட்டுகளை நடத்தும் ஈ.ஓ.ஐ.ஆர் (EOIR) என்ற அலுவலகத்தின் ஆள். அது வேறு அமைச்சகமான நீதித்துறையின் கீழ் வருகிறது. ஒரு பக்கம் கொடுத்தது இன்னொரு பக்கம் தானாகப் போய்ச் சேராது. வக்கீலே இரண்டு வக்காலத்து போட வேண்டும்: கோர்ட்டுக்கு ஈ.ஓ.ஐ.ஆர்-28 படிவம், ஐஸுக்கு ஜி-28 படிவம். முகவரி மாறினால் கோர்ட்டுக்கு 5 வேலை நாளுக்குள் ஈ.ஓ.ஐ.ஆர்-33, குடியேற்றச் சேவைத் துறைக்கு 10 நாளுக்குள் ஏ.ஆர்-11. ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த வாய்தா நோட்டீஸ் பழைய ரூமுக்குப் போகும். வாய்தாவுக்கு வராதவர் மேல், அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு விழும். தேதியை ஏ-நம்பர் போட்டு ஈ.ஓ.ஐ.ஆர் இணையப் பக்கத்திலோ 1-800-898-7180 எண்ணிலோ பார்க்கலாம். முந்தின நாள் இன்னொரு தடவை பாருங்க. அரசு செலவில் வக்கீல் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் உண்டு, தமிழ் என்று முதல் வாய்தாவிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஜாமீனில்தான் நாங்க மாட்டினோம். நீதிபதி தரும் ஜாமீன் குறைந்தது 1,500 டாலர், மேலே அவர் முடிவு. விசாவில் முறையாகப் போய் அப்புறம் சிக்கினவருக்கு இந்த வழி. அனுமதியில்லாமல் எல்லை தாண்டிப் போனவர்களுக்குக் குடியேற்ற நீதிபதி ஜாமீன் தர முடியாது என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற அப்பீல் போர்டு சொல்லிவிட்டது. அவர்களுடைய வக்கீல்கள் மாவட்ட ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுவது அதனால்தான்.

ஜாமீனுக்கு ஸ்பான்சர், அதாவது அங்கே பொறுப்பேற்கிறவர், யார், என்ன உறவு என்று கேட்பார்கள். எங்க ஸ்பான்சர் பையனுடைய அப்பாவின் பங்காளி மகன். இங்கே டைப் அடித்தவர் 'பார்ட்னர் மகன்' என்று அடித்தார். ஸ்பான்சர் தன் கடிதத்தில் 'பிரதர்' என்று எழுதியிருந்தார், நம்ம வழக்கப்படி அண்ணன்தானே. பிறப்புச் சான்றுகளில் அப்பா பேர் வேறு வேறு. தொழில் கூட்டாளி மகனா, கூடப்பிறந்தவனா என்று அரசு வக்கீல் கேட்க, வாய்தா பத்து நாள் தள்ளிப்போனது. பையன் உள்ளேயே இருந்தான். முறை எழுதாதீங்க, வழி எழுதுங்க: "இவருடைய அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள்". கூடவே ஒரு பக்கத்தில் வம்சாவளி படம். 'மாமா'வும் இதே கண்ணிதான். தாய்மாமனா, மாமனாரா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று ஆங்கிலத்தில் தெரியாது.

தமிழ்க் காகிதம் எதுவானாலும் மொழிபெயர்ப்போடு மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி வேண்டும்: எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்து. அந்த வரி இல்லாமல் நோட்டரி முத்திரையும் சிவப்பு ரிப்பனும் எத்தனை இருந்தாலும் பிரயோஜனமில்லை. முந்நூறு ரூபாய் ரிப்பனுக்குப் போனதுதான் மிச்சம்.

பிறப்புச் சான்றுக்கு ஒரு நாள் தண்டம். பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த ஊரில், சொந்த ஊரில் அல்ல. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் கோபிசெட்டிபாளையம் பக்கம் பதிவாகியிருந்ததைத் தேடி, வேறொரு ஊர் ஆபீசில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தோம். "இங்க இல்லீங்க" என்ற ஒரு வார்த்தையைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம் அந்தக் கிளார்க். கிடைத்ததும் பேர் இருக்கிறதா பாருங்க; பழைய சான்றுகளில் வெறும் 'ஆண்' என்று இருக்கும், பேர் சேர்க்க இன்னொரு நடை.

இன்னொன்று: ஜாமீன் விசாரணை தனி, நாடு கடத்தும் வழக்கு தனி. ஜாமீனுக்குக் கொடுத்த கட்டு பெரிய வழக்கின் கோப்புக்குப் போகாது, மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று செட் எடுங்க.

கடைசியில் பையன் தானாகவே வெளியேறுகிறேன் என்று அனுமதி கேட்டான். விசாரணை முடியும் முன்னாலேயே கேட்டால் 120 நாள் வரை தரலாம், டிக்கெட் நம்ம செலவு, அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு வெளியேற்ற உத்தரவு பேரில் ஏறாது. கெடு தாண்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், பத்து வருஷத்துக்குப் பல சலுகைகளும் போச்சு.

கிளம்பும்போது அங்கே எக்சிட் முத்திரை குத்துவதில்லை. போனதற்கு அத்தாட்சியாக ஐஸ் தரும் ஜி-146 தாளை, ஊர் வந்தபின் அமெரிக்கத் தூதரகத்தில், நமக்குச் சென்னையில், காட்டிப் பதிய வைக்க வேண்டும். போர்டிங் பாஸையும் நம்ம ஏர்போர்ட்டில் குத்தின வருகை முத்திரையையும் நகலெடுத்து வக்கீலுக்கு அனுப்புங்க. ஜாமீன் பணம் கட்டினவர் பேருக்கே திரும்பும். ஜாமீன் பத்திரம் முடிந்தது என்ற ரத்து நோட்டீஸ் ஐ-391 வந்தபின், பணம் கட்டினபோது தந்த ஐ-305 ரசீது கேட்பார்கள், அசல்தான். எங்க ஸ்பான்சர் அதை வாட்ஸப்பில் போட்டோ அனுப்பிவிட்டு அசலை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.