ஓட்டை விழுந்த வெள்ளி ரூபாய்

இன்று கைக்கு வந்த பழைய வெள்ளி ரூபாயில் மன்னரின் தலைக்கு மேலே ஒரு ஓட்டை. யாரோ கயிறு கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள்; கயிறு உரசி உரசி ஓட்டையின் விளிம்பே வழவழவென்று ஆகிவிட்டது.

சேகரிப்பவர்கள் இப்படிப்பட்டதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இதுதான் வேண்டும். அழகுக்கென்று கூடுதல் விலை கிடையாது, வெள்ளிக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஆனால் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1940-க்கு முந்தைய பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி, மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அப்புறம், தேய்ந்த காசை எண்ணி வாங்காதீர்கள், எடை போட்டு வாங்குங்கள். கொக்கி பற்றவைத்திருந்தால் அந்தப் பற்றுக்கும் சேர்த்துத்தான் வெள்ளி விலை கொடுக்கிறோம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

வாங்கிவிடுகிறேன், சரி, உருக்கத்தான் மனம் வருவதில்லை. யாரோ ஆசையாக அணிந்தது.

நீங்கள் உருக்குவதாக இருந்தால் 1939 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அது அரிது, ஓட்டையோடு இருந்தாலும் கேட்க ஆள் இருப்பார்கள்.