காதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளிடம் பேசவே தேவையில்லை, காதைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். தோடு தங்கமா கவரிங்கா, எத்தனை ஓட்டை, ஓட்டையில் தோடு இருக்கிறதா குச்சி இருக்கிறதா, போன மாதம் போட்டிருந்த ஜிமிக்கி இப்போது எங்கே, இதை வைத்தே புருஷன் குடிக்கிறானா, வீட்டில் கடன் எவ்வளவு, எந்தக் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறாள், ஆள் எப்படிப்பட்டவள் என்பதுவரை முடிவு கட்டிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பிரட்டுக்களத்தில் ஆரம்பிக்கிற பேச்சு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்திருக்கும்.

என் காதில் மொத்தம் ஐந்து ஓட்டை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று, அதில் ஒன்று மேலே குருத்தெலும்பில். கீழே இருக்கிற ஒரு சோடி நான் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியது. வாயில் சீனியைப் போட்டு அழுகையை அடக்கினார்களாம். மற்ற மூன்றும் வேலைக்குப் போன பிறகு என் சம்பளத்தில் நானாகக் குத்திக்கொண்டவை. அந்த மூன்றும்தான் எல்லோருக்கும் பிரச்சினை.

"என்னா புள்ள, காத சல்லடையாக்கி வச்சிருக்க, ஒன்னய யாரு கட்டுவா" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா நேராகவே கேட்டார். அவரிடம் எனக்குக் கோபமே இல்லை, மனதில் இருப்பதை வாயால் கேட்டுவிடுகிற ஆள். நான் படிப்பிக்கிற பாடசாலையில்தான் அது நாசூக்காக வந்தது. "டீச்சர், பிள்ளைகள் பார்த்துப் பழகுவாங்க" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர், தோள்வரை தொங்குகிற லோலாக்கு ஆட ஆட. பிள்ளைகளுக்குச் சின்னத் தோடுதான் என்று சட்டம் இருப்பது சரி, விளையாடும்போது மாட்டி இழுத்துவிடும். என் காதில் இருந்ததோ கடுகளவு கல். அளவைப் பற்றி அவர் பேசவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காதில் இத்தனை ஓட்டை போடுவதெல்லாம் இப்போதைய பெண்கள் போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட கூத்து என்று சொல்கிறவர்கள் என் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாயியின் அம்மா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், அந்த ஊர் வழக்கப்படியே மகளுக்கும் காது வளர்த்திருக்கிறார். குத்திய ஓட்டையில் முதலில் பஞ்சுத் திரி, அப்புறம் ஓலைச் சுருள், அப்புறம் ஈயக் குணுக்கு என்று பாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், மடல் இறங்கித் தோளைத் தொட்ட பிறகு தண்டட்டி என்கிற கனத்த காதணி. மேல்காதில் கொப்பும் முருகும் போட்ட ஓட்டைகள் வேறு. தண்டட்டி எந்தக் கஷ்டத்திலோ விற்றுப் போய்விட்டது, நான் பார்த்ததெல்லாம் வெறும் காதைத்தான். நீண்டு தொங்கும் இரண்டு தோல் வளையங்கள். கொழுந்து எடுக்கப் போகும்போது கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளில் மாட்டாமலிருக்க அவற்றைத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு, அதற்கு மேல் கூடைக் கயிற்றைப் போடுவார். நான் விரலை விட்டு ஆட்டினால் கூச்சமாக இருக்கிறது என்று சிரிப்பார். அந்தக் காதைப் பார்த்து யாரும் அம்மாயியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேலி உண்டு. தொங்குகாது நாட்டுப்புறம் என்று பிள்ளைகள் வெட்கப்படத் தொடங்கியதும் அம்மாயியின் தங்கை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டார். அம்மாயி மாட்டேன் என்றுவிட்டார்.

இது நம்மோடு கடல் கடந்து வந்த வழக்கம் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போன பிறகு 1681இல் வெளியிட்ட புத்தகத்தில், இங்குள்ளவர்கள் சிறுவயதிலேயே காது குத்தித் தென்னோலையைச் சுருட்டி வைத்து ஓட்டையைப் பெரிதாக்குவதை எழுதியிருக்கிறார். தேயிலை வருவதற்கு இருநூறு வருடத்துக்கு முந்திய கதை. இந்த மலையில் ஓட்டைக் காது ஒன்றும் புதிதில்லை.

ஆண்களின் காதுக்கும் ஒரு கதை உண்டு, அதை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். தாத்தாவுக்குச் சின்ன வயதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். தமிழர்களுக்கு எதிரான கலவரக் காலங்களில் பஸ்ஸில், ரயிலில் ஆம்பிளைகளின் காதைப் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் தமிழன் என்று இறக்கி அடித்த கதைகளை அவர் காலத்து ஆட்கள் பலரும் சொல்வார்கள். பொம்பிளைகள் பொட்டை அழித்துக்கொள்ளலாம், காது ஓட்டையை எதைக்கொண்டு அழிப்பது? 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைப் பிள்ளைக்கு மொட்டை மட்டும்தான், காது குத்து இல்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் அது நிற்கவே இல்லை.

சரி, தங்கத்துக்கு வருவோம். தோட்டத்தில் தோடு என்பது பாதி நகை, பாதி பேங்க் புத்தகம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது, அதுவும் சொன்ன கிலோக் கொழுந்தை எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். 2025 முடிவதற்குள் 22 கரட் பவுண் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரைப் பவுணில் ஒரு சோடித் தோடு என்றால், ஒரு சதமும் சாப்பாட்டுக்கு எடுக்காமல் அப்போதைய கணக்கில் 100 நாளுக்கு மேல் மலைக்குப் போகவேண்டியிருந்தது. அதனால்தான் பக்கத்து நகரமான அட்டனில் அடகு பிடிக்கிற கவுண்டர்களில் எப்போது போனாலும் நம் பெண்கள் நிற்கிறார்கள். பாடசாலை தொடங்கும்போது தோடு உள்ளே போகும், தீபாவளி முற்பணம் கிடைத்தால் வெளியே வரும், வராமலும் போகும்.

நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022இல் அம்மாவின் தோடு அடகுக்குள் போனபோது ஓட்டை தூர்ந்துவிடக்கூடாது என்று விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை உருவி, பிளேடால் அரை அங்குலத்துக்கு நறுக்கி, முனையைச் சுவரில் தேய்த்து மழுக்கி, தேங்காயெண்ணெயில் தொட்டுச் செருகிக்கொண்டார். ஈர்க்கு தெரியாமல் முடியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வார். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த வருடம் லயத்தில் பாதிக் காதுகளில் குச்சிதான். இருந்தும் ஒவ்வொருத்தியும் தன் காதை மறைத்துக்கொண்டு அடுத்தவள் காதை எட்டிப் பார்த்தாள். கவரிங் போடலாமே என்றால் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, போட்ட இரண்டாம் நாளே அரிப்பெடுத்து நீர் வடியும். மலிவு நகையில் கலக்கிற நிக்கல்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

இதில் எரிச்சலூட்டுகிற இன்னொரு விஷயம், தேயிலை விளம்பரங்களில் வருகிற பெண். சிவப்புச் சேலை, மூக்குத்தி, காதில் பெரிய ஜிமிக்கி, ஒரு சிரிப்பு. கூடைக் கயிறு தலையை அழுத்தி, மழைக்குக் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அட்டைக்கடியில் நிற்கிறவள் ஜிமிக்கி போட்டால் கயிற்றில் மாட்டிக் காது கிழிந்துவிடும். மலைக்குப் போகிறவர்கள் போடுவது ஒட்டின மாதிரி ஒரு திருகுத் தோடு, அவ்வளவுதான். ஜிமிக்கி திருவிழாவுக்கு. அதே ஜிமிக்கியைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை போட்டுக்கொண்டு போனால் 'தோட்டத்துப் பிள்ளை' என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள், அப்படிச் சொல்கிறவர்களில் தமிழர்களும் தாராளமாக உண்டு. பெட்டியில் அச்சடித்தால் அழகு, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் பட்டிக்காடு.

என் சித்தி ஒருவர் சில வருடங்களுக்கு முன் சபையில் சேர்ந்தார். நகை போடக்கூடாது என்று போதிக்கிற சபை. தோட்டைக் கழற்றித் தன் மகள் கையில் கொடுத்துவிட்டார். வீடே ரெண்டுபட்டது. புருஷன் உயிரோடு இருக்கும்போது மூளிக்காதோடு நிற்கிறாளே என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார், சித்தப்பாவும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையின் போதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம். ஆனால் கவனித்துப் பாருங்கள், சித்தி தானாகக் கழற்றியதற்குக் கிடைத்த அதே ஏச்சுத்தான் நான் தானாகக் குத்திக்கொண்டதற்கும் கிடைத்தது. "ஒருத்தர் சொல் கேக்க மாட்டா" என்கிற அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். தாய்மாமன் குத்தச் சொன்னால் மங்களம், மாப்பிள்ளை வீட்டுக்காக ஜிமிக்கி போட்டால் லட்சணம், புருஷன் செத்த பதினாறாம் நாள் கழற்றச் சொல்லிக் கழற்றினால் முறை. அடகு வைக்க அவன் கேட்டுக் கழற்றிக் கொடுத்தால் குடும்பப் பொம்பிளை. இவள் தன் காதைத் தானே தொட்டால் மட்டும் திமிர். ஓட்டை எத்தனை என்று இவர்கள் எண்ணுவதே இல்லை, யாரைக் கேட்டுக் குத்தினாய் என்பதைத்தான் எண்ணுகிறார்கள்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் தோழிகள் இரண்டு பேர் கேட்டது வேறு, எங்கே குத்தலாம், வலிக்குமா என்று. கீழ்மடலுக்கு நகைக்கடைத் துப்பாக்கி பரவாயில்லை என்று பலரும் நினைக்கிறார்கள், எனக்கு அதுவும் பிடிக்காது. அது கூர் மழுங்கின தோட்டையே சதைக்குள் அடித்து ஏற்றுகிற கருவி. பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு, ஆஸ்பத்திரிக் கருவிகளைப்போல் உயர்வெப்ப ஆவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. மேல்காதுக்கு மட்டும் அதை வைக்க விடவே விடாதீர்கள். குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, அங்கே கிருமி புகுந்துவிட்டால் மருந்து போய்ச் சேர்வதும் கஷ்டம், காது சுருங்கி உருமாறிவிடுகிற அளவுக்கும் போகலாம். புது ஊசியை உங்கள் கண்முன்னே உறையைக் கிழித்து எடுக்கிற இடமாகப் பாருங்கள். கீழ்மடல் ஆற 6 முதல் 8 வாரம், மேல்காது 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்வரைகூட எடுக்கும். கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவினால் போதும், சும்மா சும்மா திருகிப் பார்க்கக்கூடாது. மஞ்சளைக் குழைத்து அப்புகிற வேலையும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது தழும்பு புடைத்து வளர்கிற உடம்பு என்றால், என்னைக் கேட்டால் மேல்காதை விட்டுவிடுங்கள், நம் நிறத்துத் தோலில் அது கூடுதலாகவே வரும்.

இப்போது வீட்டில் ஓடுகிற வழக்கு அண்ணன் மகளுடையது. அவளுக்கு இரண்டரை வயது. மொட்டையும் காது குத்தும் ஒன்றாக வைத்துவிடலாம் என்று அம்மா, காலம் போய்விட்டது என்று அண்ணியின் அம்மா. அத்தை என்ற உரிமையில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன், அவளாகக் கேட்கும்வரை பொறுத்தால் என்ன? கூட்டத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியவளானால் வலி தாங்கமாட்டாள், ஊர் என்ன சொல்லும், தாய்மாமன் சீருக்குக் கால் பவுணில் தோடு வாங்கி வைத்துவிட்டானே அதை என்ன செய்வது. கடைசிக் கேள்வியில்தான் கொஞ்சம் நியாயம் இருந்தது. பெட்டியில் இருக்கட்டும், விலை ஏறத்தானே போகிறது என்றேன். அண்ணி வாயைத் திறக்கவில்லை, ஆனால் அடுத்த நாள் அண்ணனிடம், மொட்டையை மட்டும் இந்த முறை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.