லூர்து மாதா கெபியில் அம்மாவின் நேர்ச்சை

என் மகன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அம்மா வைத்த நேர்ச்சை இது. "பிள்ளை பிழைச்சு வந்தா, அவன் நெத்தி லூர்து மாதா கெபிப் பாறையில படணும்." கெபி என்றால் பிரான்சின் லூர்து ஊரில் மாதா காட்சி கொடுத்த குகை. மெழுகுதிரி, காணிக்கை என்று வேறெதையும் அவர் சொல்லவில்லை. இன்று பேரன் என்னைவிட உயரம். அம்மாவுக்கோ முட்டிவலி, இனி விமானம் ஏற முடியாது. "பாரிஸ்ல இருந்துகிட்டே போகலைன்னா எப்படிம்மா?" என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார். 2025 ஆகஸ்டில் ஒருவழியாகக் கிளம்பினோம்.

மகன் வரச் சம்மதித்ததே பெரிது. இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோயில் என்பது வீட்டோடு நிற்கிற பேச்சு. பிரான்ஸ் 1905-இல் அரசையும் திருச்சபையையும் சட்டம் போட்டுப் பிரித்தது. 2004-இலிருந்து அரசுப் பள்ளிகளில் எடுப்பாகத் தெரிகிற மதச் சின்னம் எதுவும் அணியக் கூடாது. சின்னப் பதக்கத்துக்குத் தடையில்லை. அதையும் இவன் சட்டைக்குள்தான் போட்டுக்கொள்வான். ஞாயிறு பூசைக்குப் போவதை நண்பர்கள் யாரிடமும் சொன்னதில்லையாம். ரயிலில் அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. யார் எதைக் கும்பிட்டாலும் அரசு தலையிடாது என்பது நல்லதுதான். ஆனால் கேலி செய்வார்களோ என்று பதினேழு வயதுப் பையன் தன் விசுவாசத்தை ஒளித்து வைக்கிறானே, அதுதான் மனசை அறுத்தது.

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். லூர்தில் இறங்கிக் கோயில் வளாகத்துக்குப் போகும் தெரு முழுக்கக் கடைகள். மாதா வடிவத்தில் பிளாஸ்டிக் பாட்டில், கண் சிமிட்டுகிற விளக்கு, பெயர் பொறித்த செபமாலை என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. விடுதியில் முன்பதிவைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். போதாததற்கு ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. இத்தனை சட்டம் போட்ட நாட்டில் அன்றைக்கு இன்றும் அரசு விடுமுறை. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கெபி வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. முன்னால் ஒருவர் நின்று நின்று செல்ஃபி எடுத்தார். கோபம் வந்தது, செபமாலையைத் தொடர்ந்தேன். பாறைக்கு அடியில் நுழைந்ததும் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. தலைக்கு மேல் மாடத்தில் நீல இடைக்கச்சையோடு அன்னை. உள்ளே ஊற்று ஓடுவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. எத்தனை தலைமுறைக் கைகள் தடவியதோ, பாறை கருத்து வழவழவென்று இருந்தது. மேலிருந்து நீர் கசிந்து கையெல்லாம் ஈரம். "இங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டான். தலையாட்டினேன். குனிந்து நெற்றியை வைத்தான். பாட்டி சொன்னதற்காகச் சும்மா தொட்டுவிட்டு வருவான் என்று நினைத்திருந்தேன். அவன் எடுக்கவே இல்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது, யாரும் முணுமுணுக்கவில்லை. நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்து நீர் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. எது பாறைத் தண்ணீர், எது கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. தாயே, உனக்குக் கோடி நன்றி.

1858-இல் பதினான்கு வயது பெர்னதெத் அன்னையின் காட்சி கண்டு மண்டியிட்டது இங்கேதான். அப்போதும் அதிகாரிகள் ஜூன் மாதம் பலகை அடித்துக் கெபியை மறித்தார்கள். ஜூலை 16-இல் அன்னை கடைசியாகக் காட்சி கொடுத்தபோது அந்தப் பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில் நின்றுதான் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் அன்னை வழக்கத்தைவிட அழகாகத் தெரிந்தாராம்.

சாயங்காலம் நற்கருணைப் பவனி, ஆண்டவரின் திருவுடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தை ஏந்திப் போவது. 1958-இல் மண்ணுக்குள் கட்டிய புனித பத்தாம் பத்திநாதர் பேராலயத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். அங்கே முதலிடம் நோயாளிகளுக்கு. நீலக் கூரை போட்ட மூன்று சக்கர வண்டிகளில் அவர்களை இழுத்து வருகிறார்கள். நாங்கள் ஓரமாக நின்றோம். தொண்டர் ஒருவர் மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டார், சரிவில் ஒரு வண்டிக்கு ஆள் போதவில்லை. வண்டியில் வாய் ஒரு பக்கம் கோணிய, பேச முடியாத ஒரு வயதான பிரெஞ்சு அம்மா. இவன் கைப்பிடியைப் பிடித்தான். எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவனுக்கும் இவன் வயதுதான் இருக்கும். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில்தான் (ஈஸ்டர்) ஞானஸ்நானம் வாங்கினானாம். வீட்டில் யாருக்கும் விசுவாசம் கிடையாதாம், தானாகத் தேடி வந்திருக்கிறான். பெரியவர்கள் மட்டுமே 10,000 பேருக்கு மேல் பிரான்சில் 2025-இல் அந்த விழாவில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள்.

அதே 2025 மே மாதம் மருத்துவ உதவியோடு சாவதற்கு வழிசெய்யும் மசோதாவை நாடாளுமன்றக் கீழவை முதல் வாசிப்பில் நிறைவேற்றியது. வேதனை தாங்காமல் கேட்பவர்களை நான் தீர்ப்பிட மாட்டேன். ஆனால் தங்களால் யாருக்கும் பயனில்லை என்று நினைக்கிறவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, ஆண்டவரையே அவர்களிடம் தூக்கிக்கொண்டு போகிற ஓர் இடத்தை அன்று பார்த்தேன். திருச்சபைக்கு இந்தக் காலத்தில் என்ன வேலை என்று அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு இனி இதைத்தான் சொல்வேன்.

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. பின்னால் யாரோ தமிழில் "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே வந்தார்கள். மகன் சத்தமாகச் சேர்ந்து சொன்னான். பதக்கம் சட்டைக்கு வெளியே தொங்கியது. அடுத்த கோடையில் மறைமாவட்டக் குழுவோடு தொண்டு செய்ய வரப் போகிறானாம், அந்தப் பையனிடம் விவரமெல்லாம் வாங்கி வைத்திருக்கிறான்.

மாதாவே, எங்களை அழைத்து வந்ததற்கு நன்றி. என்னிடம் செபிக்கச் சொன்ன எல்லாருடைய கருத்துகளையும் உன் பாதத்தில் வைத்துவிட்டேன். பெயர் தெரியாத அந்த வண்டி அம்மாவுக்காக இப்போது தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி செபம் சொல்கிறோம். நீங்களும் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.